ஜெனிசிஸ்: கேப்ரியலின் குழுவா, காலின்ஸின் குழுவா?

இங்கிலாந்தின் ப்ராக்ரசிவ் ராக் குழுவான ஜெனிசிஸைப் பற்றிப் பேச்செடுத்தால் ஒருவர், "பீட்டர் கேப்ரியல் நரித்தலை மாட்டிக்கொண்டு பாடுவாரே, அவங்கதானே?" என்பார். இன்னொருவர், "ஃபில் காலின்ஸ் குழுதானே, எண்பதுகளில் டிவியில் பார்த்திருக்கிறேன்" என்பார். நான் கேசட் காலத்தில் காலின்ஸ் வழியாக உள்ளே போனவன். பிறகு 1972ஆம் ஆண்டு ஜெனிசிஸை முதன்முதலாகக் கேட்டபோது, பதிவு செய்து கொடுத்தவர் கேசட்டை மாற்றிக் கொடுத்துவிட்டார் என்றே நினைத்தேன். அன்றிலிருந்து நானே கேட்டுக்கொண்ட கேள்விகளும், நண்பர்கள் என்னிடம் கேட்கும் கேள்விகளும் கீழே.

முதலில், ப்ராக்ரசிவ் ராக் என்றால் என்ன?

1960களின் கடைசியில் இங்கிலாந்தில் சில ராக் குழுக்களுக்கு மூன்று நிமிடப் பாட்டு அலுத்துப்போனது. மேற்கத்தியச் செவ்வியல் இசை, ஜாஸ், தேவாலயப் பாடல், நாட்டுப்பாடல் என்று கையில் கிடைத்ததையெல்லாம் ராக்குக்குள் கொண்டுவந்தார்கள். பல்லவி, சரணம், மறுபடி பல்லவி என்ற கட்டை உடைத்தார்கள். எல்பி தட்டின் ஒரு பக்கம் இருபது நிமிடத்துக்கு மேல் தாங்கும் என்பதால் ஒரே பாட்டை ஒரு பக்கம் முழுக்க நீட்டினார்கள். கிங் கிரிம்சன், யெஸ், எமர்சன் லேக் அண்ட் பாமர் எல்லாம் இந்த வரிசைதான். மற்றவர்கள் வாசிப்புத் திறமையைக் காட்டினார்கள் என்றால், ஜெனிசிஸ் கதை சொன்னது. எனக்கு அதனால்தான் பிடித்தது.

குழு எங்கே தொடங்கியது?

ஒரு பள்ளி விடுதியில். லண்டனுக்குத் தெற்கே சர்ரே மாவட்டத்தில் காடல்மிங் என்ற ஊரில் சார்ட்டர்ஹவுஸ் என்றொரு பழமையான, வசதி படைத்தவர்கள் பிள்ளைகளைச் சேர்க்கும் பள்ளி இருக்கிறது. அங்கே மாணவர்களுக்குள் இரண்டு குழுக்கள் இருந்தன. கார்டன் வால் என்ற குழுவில் பீட்டர் கேப்ரியல் பாடகர், டோனி பேங்க்ஸ் பியானோ, கிறிஸ் ஸ்டூவர்ட் டிரம்ஸ். அனான் என்ற குழுவில் மைக் ரூதர்ஃபோர்டும் அந்தோணி ஃபிலிப்ஸும் கிதார். 1967இல் இந்த ஐவரும் ஒன்றாகச் சேர்ந்தார்கள்.

இங்கே ஒரு விஷயத்தைக் கவனியுங்கள், பின்னால் தேவைப்படும். இவர்களுக்கு மேடையேறும் ஆசை அப்போது பெரிதாக இல்லை. பாட்டு எழுதி வேறு பாடகர்களுக்குக் கொடுக்க வேண்டும், அதுதான் திட்டம். கச்சேரி செய்யும் குழுவாக மாறியது வேறு வழியில்லாமல்தான்.

ஸ்டூவர்ட் சீக்கிரமே விலகிவிட்டார். பிற்பாடு ஸ்பெயினின் அந்தலூசியா மலைப்பகுதியில் பண்ணை வாங்கி, ஆடு வளர்த்து, அதைப் பற்றி எழுதிப் புகழ்பெற்ற எழுத்தாளராகிவிட்டார். ராக் இசையில் இப்படியும் ஒரு வழி உண்டு.

பெயர் பைபிளிலிருந்து வந்ததா? மதம் சார்ந்த குழுவா?

பெயர் பைபிள்தான், குழு அப்படியல்ல. சார்ட்டர்ஹவுஸின் பழைய மாணவரும் அப்போதே ஹிட் பாடல் கொடுத்திருந்தவருமான ஜொனாதன் கிங் கையில் பையன்கள் தங்கள் பதிவு நாடாவைச் சேர்த்தார்கள். அவர் டெக்கா நிறுவனத்தில் வாய்ப்பு வாங்கிக் கொடுத்தார், பெயரும் வைத்தார். 1968இல் முதல் சிங்கிள், அதாவது ஒற்றைப் பாட்டுத் தட்டு, 'த சைலன்ட் சன்' வந்தது. கிங்குக்குப் பீ ஜீஸ் என்ற பாப் குழுவைப் பிடிக்கும் என்பதற்காக அவர்கள் பாணியிலேயே எழுதப்பட்ட பாட்டு அது. 1969இல் முதல் ஆல்பம் 'ஃப்ரம் ஜெனிசிஸ் டு ரெவலேஷன்'.

அந்த நேரத்தில் அமெரிக்காவில் ஏற்கெனவே ஜெனிசிஸ் என்ற பெயரில் ஒரு குழு இருந்தது. அதனால் உறையில் குழுவின் பெயர் இல்லை, கறுப்பு அட்டையில் ஆல்பத்தின் தலைப்பு மட்டும். கடைக்காரர்கள் பார்த்தார்கள், பைபிளின் முதல் புத்தகமும் கடைசிப் புத்தகமும் தலைப்பில் இருக்கிறது, பக்திப் பாடல் அடுக்கில் கொண்டுபோய் வைத்துவிட்டார்கள். சில நூறு பிரதிகள்தான் விற்றன.

அந்த முதல் ஆல்பத்தைக் கேட்க வேண்டுமா?

வேண்டாம். எல்லாவற்றையும் கேட்டு முடித்த பிறகு ஆர்வம் இருந்தால் பாருங்கள்.

அப்புறம் எப்படி உருப்பட்டார்கள்?

படிப்பை விட்டுவிட்டு ஒரு வீட்டில் அடைந்து கிடந்தார்கள். டோர்க்கிங் அருகே, நண்பரும் ரோட் மேனேஜருமான ரிச்சர்ட் மெக்ஃபெயிலின் பெற்றோருக்குச் சொந்தமான குடில் அது. 1969 கடைசியிலிருந்து சில மாதங்கள் அங்கே பயிற்சிதான் வேலை. 1970இல் லண்டன் ரானி ஸ்காட்ஸ் கிளப்பில் வாசித்தபோது கரிஸ்மா நிறுவனத்தை நடத்திய டோனி ஸ்ட்ராட்டன் ஸ்மித் கேட்டார், ஒப்பந்தம் போட்டார். விளையாட்டுப் பத்திரிகையாளராக இருந்து இசைக்கு வந்தவர் அவர். விற்காத ஆல்பங்களைப் பொறுத்துக்கொண்டு பல ஆண்டுகள் பணம் போட்டார்.

அந்த ஆண்டே 'டிரெஸ்பாஸ்' ஆல்பம் வந்தது. ஆனால் அது கடைக்கு வருவதற்குள் அந்தோணி ஃபிலிப்ஸ் போய்விட்டார். உடம்பும் சரியில்லை, மேடை பயமும் பிடித்துக்கொண்டது. பன்னிரண்டு கம்பி கிதார்களைப் பின்னிப் பின்னி வாசிக்கும் அந்தப் பாணிக்கு அவர்தான் ஆணிவேர். அவர் போனதும் குழுவையே கலைத்துவிடலாமா என்று யோசித்தார்கள். பின்னாளில் கேப்ரியல் விலகியதைவிட அதுதான் தங்களுக்குப் பெரிய அடி என்று பேங்க்ஸும் ரூதர்ஃபோர்டும் பிற்காலத்தில் சொல்லியிருக்கிறார்கள்.

ஃபில் காலின்ஸ் எப்படி வந்தார்?

மெலடி மேக்கர் பத்திரிகை விளம்பரம் பார்த்து. 1970 ஆகஸ்டில் கேப்ரியலின் பெற்றோர் வீட்டில், சோபம் என்ற ஊரில், தேர்வு. காலின்ஸ் சீக்கிரமே போய்ச் சேர்ந்துவிட்டார். "உங்கள் முறை வரும்வரை நீச்சல் குளத்தில் இருங்கள்" என்றார்கள். தண்ணீரில் மிதந்தபடியே முன்னால் போன டிரம்மர்கள் வாசிப்பதைக் கேட்டுக்கேட்டு எல்லாப் பகுதிகளையும் மனப்பாடம் செய்துவிட்டார். உள்ளே போனபோது புதிதாகக் கற்க ஒன்றுமில்லை.

மற்றவர்களெல்லாம் பணக்காரப் பள்ளிப் பையன்கள். காலின்ஸ் லண்டன் நாடக மேடையில் 'ஆலிவர்' இசை நாடகத்தில் குழந்தை நட்சத்திரமாக நடித்தவர், ஜோக் அடிப்பவர், சோல் இசைப் பிரியர். குழுவின் இறுக்கத்தை அவர்தான் தளர்த்தினார். 1971 தொடக்கத்தில் கிதார் கலைஞர் ஸ்டீவ் ஹாக்கெட் வந்து சேர்ந்தார். தேங்கிப்போன இசை வடிவங்களைத் தாண்டத் துடிக்கும் ஆட்கள் தேவை என்கிற மாதிரி அவரே கொடுத்திருந்த விளம்பரத்தைப் பார்த்துத் தொலைபேசியில் அழைத்தவர் கேப்ரியல். ஆக கேப்ரியல், பேங்க்ஸ், ரூதர்ஃபோர்டு, காலின்ஸ், ஹாக்கெட். 'ஜெனிசிஸ்' என்றதும் பழைய ரசிகர்கள் மனதில் நிற்பது இந்த ஐவர்தான்.

இவர்கள் சேர்ந்து செய்த முதல் ஆல்பம் 'நர்சரி க்ரைம்', 1971 நவம்பர். அதில் 'த மியூசிக்கல் பாக்ஸ்' பாட்டில் ஹாக்கெட் வலது கை விரலால் கிதார் கழுத்திலேயே தட்டி வாசிப்பதைக் கேளுங்கள். கிதார் கலைஞர் எடி வான் ஹேலன் அந்த உத்தியை உலகம் முழுக்கக் கொண்டுபோவதற்குச் சில ஆண்டுகள் முன்னால் அது. சொந்த நாட்டில் இந்த ஆல்பத்தை யாரும் பெரிதாகக் கண்டுகொள்ளவில்லை, இத்தாலியில்தான் கொண்டாடினார்கள்.

கேப்ரியல் ஏன் நரித்தலை மாட்டினார்?

இரண்டு காரணம், ஒன்று தொழில்நுட்பக் கோளாறு.

மேடையில் மூன்று பேர் பன்னிரண்டு கம்பி கிதாரோடு உட்கார்ந்திருப்பார்கள். ஒவ்வொரு பாட்டுக்கும் சுருதி சேர்க்க நேரம் பிடிக்கும். நடுவில் ஒலிபெருக்கி வேறு மக்கர் பண்ணும். அந்த இடைவெளியில் கூட்டம் நெளியாமல் இருக்க கேப்ரியல் கதை சொல்ல ஆரம்பித்தார். விபரீதமான, சிரிப்பா பயமா என்று தெரியாத கதைகள். கதை சொல்லி பழகியதும் பாத்திரமாகவே மாறிப்பார்த்தால் என்ன என்று தோன்றிவிட்டது.

1972இல் டப்ளின் நகரத்தில் குத்துச்சண்டை அரங்கம் ஒன்றில் கச்சேரி. 'த மியூசிக்கல் பாக்ஸ்' பாட்டின் இசைப்பகுதியில் உள்ளே போன கேப்ரியல், மனைவியின் சிவப்பு கவுனும் நரித்தலையுமாகத் திரும்பி வந்தார். கூட வாசித்தவர்களுக்கே முன்கூட்டிச் சொல்லவில்லை. கேட்டால் வேண்டாம் என்பார்கள் என்று தெரியும். அந்தப் படம் மெலடி மேக்கரின் அட்டையில் வந்தது, கச்சேரிக்கான சம்பளம் மளமளவென ஏறியது. அதன் பிறகு குழுவில் யாரும் மறுப்புச் சொல்லவில்லை. வௌவால் இறக்கை, பூ இதழ்கள் சுற்றிய முகம், கிழவன் முகமூடி என்று வரிசையாக வந்தன.

இந்த வேடங்களால் ஒரு விளைவு உண்டு. பத்திரிகைக்காரர்கள் எல்லாவற்றையும் கேப்ரியல்தான் எழுதுகிறார் என்று நினைத்துவிட்டார்கள். பாட்டுகளில் எல்லோருடைய பெயரும் பொதுவாகக் குழுவின் பெயராகவே இருந்ததால் மறுக்கவும் வழியில்லை. பேங்க்ஸுக்கு இது உள்ளுக்குள் புகைந்துகொண்டே இருந்தது.

'சப்பர்ஸ் ரெடி' 23 நிமிடம். அவ்வளவு நேரம் என்னதான் இருக்கிறது?

1972 அக்டோபரில் வந்த 'ஃபாக்ஸ்ட்ராட்' ஆல்பத்தின் இரண்டாம் பக்கத்தை ஏறக்குறைய முழுவதும் அடைத்துக்கொண்டிருக்கும் பாட்டு இது. ஏழு பகுதிகள். தொடக்கத்தில் ஒரு கணவன் வீடு திரும்புகிறான், மனைவியின் முகம் வேறு யாருடைய முகமாகவோ மாறுவதைப் பார்க்கிறான். இதற்கு மூலம் கேப்ரியலின் சொந்த அனுபவம். அவருடைய மாமனார் எலிசபெத் அரசியின் செயலகத்தில் இருந்த அதிகாரி. கென்சிங்டன் அரண்மனை வளாகத்தில் இருந்த அந்த வீட்டில் ஒரு ராத்திரி, மனைவி ஜில் திடீரென வேறு ஆளாக மாறியது போலத் தோன்றி எல்லோரும் மிரண்டுவிட்டதாகக் கேப்ரியல் சொல்லியிருக்கிறார். அங்கிருந்து புறப்படும் பாட்டு, போர்க்களம், பைத்தியக்காரத்தனமான ஒரு பண்ணை என்று சுற்றி, பைபிளின் கடைசிப் புத்தகத்தில் வரும் உலக முடிவிலும் புதிய எருசலேமிலும் போய் முடிகிறது.

நான் யாருக்கு இதைப் போட்டுக் காட்டினாலும் கடைசிக்கு முந்திய பகுதிக்காகத்தான் காத்திருப்பேன். காலின்ஸும் ரூதர்ஃபோர்டும் ஒன்பது எண்ணிக்கையில் ஒரே அச்சை விடாமல் அடிக்கிறார்கள். அதன் மேல் பேங்க்ஸின் ஆர்கன் அந்த ஒன்பதோடு ஒட்டாமல் தன் போக்கில் நகர்கிறது. கர்நாடக சங்கீதம் கேட்டவர்களுக்கு இது புதிதில்லை. சங்கீர்ண நடைக்கு மேல் ஒருவர் வேறு கணக்கில் போய்க்கொண்டிருப்பார், எங்கே வந்து சேரப்போகிறார் என்று நாம் தொடையில் கை வைத்துக் காத்திருப்போமே, அதேதான். இங்கே அவர் வந்து சேரும் இடத்தில் கேப்ரியலின் குரல் வெடிக்கிறது, முதல் நிமிடத்தில் மெதுவாகக் கேட்ட மெட்டு முழுக் குழுவோடும் திரும்ப வருகிறது. முதலிலிருந்து கேட்டால்தான் அந்த இடம் உறைக்கும். பாதியில் தாவிப் போட்டுப் பார்க்காதீர்கள்.

சிறந்த ஆல்பம் எது?

சண்டை வரும் கேள்வி. என் ஓட்டு 1973இல் வந்த 'செல்லிங் இங்கிலாந்து பை த பவுண்ட்' ஆல்பத்துக்கு. தலைப்பே சிலேடை. பவுண்ட் என்றால் எடை, பவுண்ட் என்றால் பணம். இங்கிலாந்தைக் கிலோக் கணக்கில் கூறு போட்டு விற்கிறார்கள் என்கிற மாதிரி. லேபர் கட்சியின் பிரசாரத்தில் வந்த சொல்லைக் கேப்ரியல் எடுத்துக்கொண்டார். அமெரிக்காவுக்குப் போகத் தொடங்கியிருந்த நேரம், 'இவர்கள் அமெரிக்காவுக்கு விலை போய்விட்டார்கள்' என்று யாரும் எழுதிவிடக் கூடாதே என்ற கவலையும் அதில் இருந்தது.

இதில் 'ஃபர்த் ஆஃப் ஃபிஃப்த்' என்றொரு பாட்டு. ஸ்காட்லாந்தில் ஃபர்த் ஆஃப் ஃபோர்த் என்ற கழிமுகம் இருக்கிறது. ஃபோர்த் என்ற ஆற்றின் பெயர் காதுக்கு 'நான்காவது' என்று விழும், இவர்கள் 'ஐந்தாவது' ஆக்கிவிட்டார்கள். காளமேகத்தைப் படித்து வளர்ந்த நமக்கு இது சின்ன விளையாட்டுதான், ஆனால் பாட்டு சின்ன விஷயமில்லை. பேங்க்ஸின் பியானோ முன்னுரையும், அதே பாட்டில் பிற்பாடு ஹாக்கெட் நீளமாக இழுத்து வாசிக்கும் கிதாரும் அந்தக் குழுவின் உச்சம். ஹாக்கெட் வாசிப்பது புது மெட்டல்ல, சற்றுமுன் புல்லாங்குழலில் வந்த பேங்க்ஸின் மெட்டுதான்.

'த பேட்டில் ஆஃப் எப்பிங் ஃபாரஸ்ட்' பாட்டில் மட்டும் சொற்கள் நெரிசல். ரவுடிக் கும்பல்கள் மோதிக்கொண்ட பத்திரிகைச் செய்தியை வைத்துக் கேப்ரியல் எழுதித் தள்ளிவிட்டார். இசைக்கு மூச்சுவிட இடமில்லை.

'த லாம்ப் லைஸ் டவுன் ஆன் பிராட்வே' கதை எனக்கு மட்டும்தான் புரியவில்லையா?

இல்லை. 1974 நவம்பரில் வந்த இரட்டை ஆல்பம் இது. நியூயார்க் தெருவில் திரியும் ராயெல் என்ற புவேர்ட்டோ ரிக்கன் இளைஞன் நிலத்தடி உலகம் ஒன்றுக்குள் விழுந்து தன் அண்ணன் ஜானைத் தேடுகிறான். கடைசியில் ஆற்றிலிருந்து அண்ணனை இழுத்துப் போட்டுப் பார்த்தால் அது அவனுடைய முகமே. இதற்கு மேல் புரிந்ததாக யாராவது சொன்னால் நம்பாதீர்கள்.

ஆல்பத்தைவிட அது உருவான விதம்தான் முக்கியம். ஹாம்ப்ஷயரில் ஹெட்லி கிரேஞ்ச் என்ற எலி ஓடும் பழைய மாளிகையில் தங்கி எழுதினார்கள். வரிகள் முழுவதும் நானே எழுதுவேன் என்றார் கேப்ரியல். நால்வர் ஒரு அறையில் இசை கட்ட, அவர் இன்னொரு அறையில் தனியாக எழுதினார். நடுவில் ஹாலிவுட் இயக்குநர் வில்லியம் ஃப்ரீட்கின் கேப்ரியலைக் கதை எழுதக் கூப்பிட்டார், இவரும் போய்விட்டார், அது நிறைவேறாமல் திரும்பி வந்தார். அதே கோடையில் அவருடைய முதல் குழந்தை பிறந்தது, பிழைக்குமா என்ற நிலை. அவர் மருத்துவமனைக்கும் ஸ்டூடியோவுக்கும் அலைந்தார், மற்றவர்களோ ஆல்பம் தாமதமாகிறதே என்று முகம் சுளித்தார்கள். தாங்கள் அப்போது நடந்துகொண்ட விதம் சரியில்லை என்று அவர்களே பிறகு ஒப்புக்கொண்டார்கள்.

இசை? முதல் தட்டு அபாரம். இரண்டாவதில் தளர்கிறது.

சண்டை போட்டுக்கொண்டுதான் கேப்ரியல் விலகினாரா?

கதவை அறைந்துகொண்டு போகவில்லை. லாம்ப் சுற்றுப்பயணம் தொடங்கிய சில நாட்களிலேயே, அமெரிக்காவின் கிளீவ்லாந்தில், போகப்போகிறேன் என்று சொல்லிவிட்டார். ஆனால் குழு கடனில் இருந்தது. அதனால் நூறு கச்சேரிகளுக்குப் பக்கமாக, விஷயத்தை வெளியே விடாமல் முழு ஆல்பத்தையும் மேடையில் பாடி முடித்தார். மூன்று திரைகளில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட ஸ்லைடுகள், உடம்பெல்லாம் கட்டி தொங்கும் ரப்பர் உடுப்பு. அந்த உடுப்புக்குள் மைக்கை வாய்க்குப் பக்கத்தில் கொண்டுபோகவே முடியாது. 1975 மே மாதம் பிரான்சின் பெசன்சோன் நகரத்தில் கடைசிக் கச்சேரி. ஆகஸ்டில் செய்தி வெளியானது, பத்திரிகைகளுக்குத் தானே ஒரு கடிதமும் எழுதினார்.

டிரம்மரைப் பாடகராக்கியது யார் யோசனை?

யாருடையதும் இல்லை. நூற்றுக்கணக்கான விண்ணப்பங்கள், வாரக்கணக்கில் குரல் தேர்வு. வந்தவர்களுக்குப் பாட்டைச் சொல்லிக் கொடுத்தது காலின்ஸ்தான். பின்னணிக் குரலாக ஆரம்பத்திலிருந்தே பாடியவர், இரண்டு சின்னப் பாட்டுகளில் முன்குரலும் அவருடையது. யாரும் சரிவராமல் கடைசியில் "நானே ஒரு தடவை பார்க்கட்டுமா" என்றார். 1976 பிப்ரவரியில் வந்த 'எ டிரிக் ஆஃப் த டெயில்' கேப்ரியல் கால ஆல்பங்களைவிட நன்றாக விற்றது. அந்த ஆண்டு மார்ச்சில் கனடாவின் லண்டன் நகரத்தில் காலின்ஸ் முதன்முதலாக டிரம்ஸை விட்டு எழுந்து முன்னால் வந்து நின்றார். பின்னால் டிரம்ஸில் உட்கார்ந்தவர் யெஸ், கிங் கிரிம்சன் புகழ் பில் புருஃபோர்டு. அடுத்த ஆண்டு செஸ்டர் தாம்ப்சன் வந்தார்.

இந்த ஆல்பத்திலிருந்துதான் ஒவ்வொரு பாட்டுக்கும் எழுதியவர் பெயரைத் தனித்தனியாகப் போட்டார்கள். எடுத்துப் பாருங்கள், எட்டுப் பாட்டிலும் பேங்க்ஸ் பெயர் இருக்கிறது. நரித்தலைக்குப் பின்னால் யார் உட்கார்ந்திருந்தார் என்பது அப்போதுதான் வெளியே தெரிந்தது.

ஹாக்கெட்?

அவருக்குத் தன் பாட்டுகளுக்கு ஆல்பத்தில் இடம் போதவில்லை. 1977இல் விலகினார். மூவராகிவிட்டோம் என்பதையே அடுத்த ஆல்பத்தின் தலைப்பாக வைத்துவிட்டார்கள். எழுபதுகளின் பாட்டுகளை மேடையில் இன்றும் உயிரோடு வைத்திருப்பவர் ஹாக்கெட்தான்.

காலின்ஸ்தானே குழுவைப் பாப் இசைக்கு இழுத்துக் கெடுத்தார்?

அதிகம் கேட்கப்படும் கேள்வி இதுதான். என் பதில்: இல்லை. கெடுத்தார்கள் என்றே வைத்துக்கொண்டாலும் மூவரும் சேர்ந்துதான்.

1978இல் அவர்களுக்கு முதல் பெரிய ஹிட் கொடுத்த காதல் பாட்டு 'ஃபாலோ யூ ஃபாலோ மீ'. அதன் வரிகள் ரூதர்ஃபோர்டு எழுதியவை. காலின்ஸ் அந்தக் கட்டத்தில் எழுத்தாளராகவே தலையெடுக்கவில்லை. அதன் பிறகுதான் அவருடைய முதல் திருமணம் முறிந்தது, தனியாக வீட்டில் உட்கார்ந்து எழுத ஆரம்பித்தார்.

1980இல் 'டியூக்' வந்தது, இங்கிலாந்தில் அவர்களுடைய முதல் நம்பர் ஒன் ஆல்பம். அதில் 'டர்ன் இட் ஆன் அகெய்ன்' என்ற பாட்டு சிங்கிளாக முதல் பத்துக்குள் போனது. ரேடியோவில் கேட்டால் சாதாரண ராக் பாட்டு. தாளம் போட்டுப் பாருங்கள், பதின்மூன்று எண்ணிக்கை! காலின்ஸ் எண்ணிச் சொன்ன பிறகுதான் அதைக் கட்டிய ரூதர்ஃபோர்டுக்கே தெரிந்ததாம். நடனமாட வந்தவர்கள் இரண்டாவது சுற்றிலேயே கால் தடுக்குவார்கள். அதே ஆல்பத்தில் ஆறு பாட்டுகள் முதலில் அரைமணி நேர ஒரே படைப்பாகத் திட்டமிடப்பட்டவை. 'சப்பர்ஸ் ரெடி'யோடு ஒப்பிடுவார்களே என்று பிரித்துப் போட்டார்கள்.

1986இல் 'இன்விசிபிள் டச்'. அமெரிக்காவில் அதிலிருந்து ஐந்து சிங்கிள்கள் முதல் ஐந்து இடத்துக்குள் போயின, தலைப்புப் பாட்டு முதலிடம். அதை அடுத்த வாரம் முதலிடத்திலிருந்து இறக்கிய பாட்டு கேப்ரியலின் 'ஸ்லெட்ஜ்ஹாமர்'! தனியாகப் போன கலைஞரும் பாப் ஹிட் கொடுத்துக்கொண்டுதான் இருந்தார். அவரை மட்டும் யாரும் திட்டவில்லை. இந்த ஆல்பத்தில் 'டொமினோ' என்று பத்து நிமிடத்துக்கு மேல் ஓடும் இரண்டு பகுதிப் பாட்டு ஒன்று இருக்கிறது, திட்டுபவர்கள் பெரும்பாலும் அதைக் கேட்டிருக்க மாட்டார்கள்.

பள்ளிக்கூட விடுதியில் அந்தப் பையன்களின் ஆசை என்னவாக இருந்தது? பாட்டு எழுத வேண்டும், அது ஊரெல்லாம் ஒலிக்க வேண்டும். 1967இல் பீ ஜீஸ் மாதிரி எழுதிப் பார்த்துத் தோற்றவர்கள் இருபது ஆண்டு கழித்து அதைச் சாதித்தார்கள். பேங்க்ஸும் ரூதர்ஃபோர்டும் எல்லா ஆல்பத்திலும் இருக்கிறார்கள், பதினைந்திலும். முன்னால் நின்றவர் மாறினார், அவ்வளவுதான்.

சரி, எண்பதுகளில் மட்டமான பாட்டே இல்லையா என்றால், இருக்கிறது. 'இல்லீகல் ஏலியன்' பாட்டை நான் எப்போதும் தாண்டிவிடுவேன். மெக்சிகோக்காரர் போல உச்சரித்துப் பாடுவது அன்றைக்கு வேடிக்கையாக இருந்திருக்கலாம், இன்று கேட்கக் கூச்சமாக இருக்கிறது.

காலின்ஸின் அந்த 'தும்' என்ற டிரம்ஸ் சத்தம் எப்படி வந்தது?

இது ஜெனிசிஸ் கதையின் கிளைதான், ஆனால் சொல்லியே ஆக வேண்டும். கேப்ரியலின் மூன்றாவது தனி ஆல்பம், 1980. டிரம்ஸ் வாசிக்க வந்தவர் காலின்ஸ். இருவருக்கும் பகை என்று நினைப்பவர்கள் இதைக் குறித்துக்கொள்ளலாம். லண்டன் டவுன்ஹவுஸ் ஸ்டூடியோவின் புதிய மிக்ஸிங் பலகையில், வாசிப்பவரோடு பேசுவதற்காக அறையில் ஒரு மைக் தொங்கும். மெல்லப் பேசினாலும் கேட்க வேண்டும் என்று அதன் ஒலி கடுமையாக அழுத்தப்பட்டிருக்கும். காலின்ஸ் வாசித்துக்கொண்டிருந்தபோது அந்த மைக் திறந்திருந்தது. அறை முழுக்க அதிரும் ராட்சச முழக்கம் கேட்டது, உடனே வெட்டியது போல நின்றது. ஒலிப்பதிவாளர் ஹியூ பாட்ஜம் அதைப் பதிவுசெய்ய வழி கண்டுபிடித்தார். சிம்பலே வேண்டாம் என்று கேப்ரியல் தடை போட்டிருந்ததால் அந்த முழக்கம் இன்னும் துலக்கமாகத் தெரிந்தது. மறு ஆண்டு காலின்ஸின் 'இன் தி ஏர் டுநைட்' பாட்டில் அதே சத்தம், அதே பாட்ஜம். எண்பதுகள் முழுக்க எல்லா ஊர்ப் பாட்டிலும் அந்த டிரம்ஸ்தான்.

தமிழர் யாருக்காவது இந்தக் கதையில் தொடர்பு உண்டா?

உண்டு, வயலின் கலைஞர் எல். சங்கர். சென்னையில் பிறந்து யாழ்ப்பாணத்தில் சிறுவயதைக் கழித்தவர், இசையமைப்பாளர் எல். வைத்தியநாதனின் தம்பி. 'சக்தி' குழுவில் கிதார் கலைஞர் ஜான் மெக்லாக்லினோடு வாசித்தார். காலின்ஸின் முதல் தனி ஆல்பமான 'ஃபேஸ் வேல்யூ'வில் அவருடைய வயலின் இருக்கிறது. கேப்ரியலோடு இன்னும் நெருக்கம். 1989இல் வந்த 'பேஷன்' ஆல்பத்தில் அவருடைய இரட்டை வயலினையும் குரலையும் கேட்கலாம். ஜெனிசிஸின் இரண்டு பாடகர்களோடும் வாசித்த தமிழர்.

காலின்ஸ் போன பிறகு?

1996இல் காலின்ஸ் விலகினார். ஸ்காட்லாந்துப் பாடகர் ரே வில்சனை வைத்து 1997இல் 'காலிங் ஆல் ஸ்டேஷன்ஸ்' செய்தார்கள். அமெரிக்காவில் டிக்கெட் விற்காமல் பயணமே ரத்தானது. வில்சன் நல்ல பாடகர், தப்பு அவர் மேல் இல்லை.

ஐவரும் மறுபடி சேர்ந்ததே இல்லையா?

மேடையில் ஒரே ஒரு தடவை, கடனுக்காக. கேப்ரியல் 1982இல் உலக இசைக்காக வோமாட் விழாவைத் தொடங்கினார், முதல் ஆண்டே பெரும் நஷ்டம். கடன்காரர்கள் துரத்தினார்கள். பழைய நண்பர்கள் கைகொடுக்க வந்தார்கள். அக்டோபரில் மில்டன் கீன்ஸ் மைதானத்தில், கொட்டும் மழையில், கேப்ரியலைச் சவப்பெட்டிக்குள் வைத்து மேடைக்குத் தூக்கி வந்தார்கள். வெளிநாட்டிலிருந்து ஹாக்கெட் ஓடிவந்து கடைசிப் பாட்டுகளில் சேர்ந்துகொண்டார்.

2007இல் காலின்ஸ் திரும்பி வர, பேங்க்ஸ், ரூதர்ஃபோர்டு, காலின்ஸ் மூவர் மட்டும் சுற்றுப்பயணம் போனார்கள், கேப்ரியல் சேரவில்லை.

புதிதாகக் கேட்பவர் எதில் தொடங்கலாம்?

'எ டிரிக் ஆஃப் த டெயில்'. பழைய ஜெனிசிஸின் கதைப் பாட்டும் இருக்கிறது, காலின்ஸின் பழகிய குரலும் இருக்கிறது. பிடித்தால் பின்னோக்கி 'செல்லிங் இங்கிலாந்து', முன்னோக்கி 'டியூக்'.

இப்போது குழு இருக்கிறதா?

இல்லை. காலின்ஸுக்குக் கழுத்து எலும்பில் ஏற்பட்ட பாதிப்பால் நரம்பு கெட்டு, டிரம்ஸ் குச்சியைப் பிடிக்க முடியாமல் போய்விட்டது. 2021இல் கடைசிச் சுற்றுப்பயணம் தொடங்கியபோது நாற்காலியில் உட்கார்ந்துதான் பாடினார். பின்னால் டிரம்ஸில் அவருடைய மகன் நிக், இருபது வயது.

2022 மார்ச்சில் லண்டன் ஓ2 அரங்கத்தில் கடைசிக் கச்சேரி. கேப்ரியல் கூட்டத்தில் உட்கார்ந்திருந்தார். 'சப்பர்ஸ் ரெடி' பாடச் சொல்லிக் கத்துவது ஒருவேளை அவராகவே இருக்கலாம் என்று காலின்ஸ் மேடையிலிருந்து கிண்டலடித்தார். நாளையிலிருந்து நாங்கள் எல்லோரும் ஒழுங்கான வேலை தேட வேண்டும் என்றார். கடைசியாகப் பாடியது 'த கார்பெட் க்ராலர்ஸ்', லாம்ப் ஆல்பத்தில் கேப்ரியல் பாடிய பாட்டு.